விடுதலைக்குப் பிறகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்து வெளியே வருபவர்கள் மீண்டும் அதே குற்றத்தில் இறங்குவார்களா என்று பலர் கேட்டிருந்தார்கள். எழுதியவர்களில் பெற்றோர்களே அதிகம். எனவே இந்தப் பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பாலியல் குற்றவாளிகளில் நூற்றுக்கு எண்பது பேர் சிறையிலிருந்து வந்ததும் மறுபடியும் அதையே செய்கிறார்கள் என்று எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றிவருகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருப்பதாகவும் அதில் எழுதியிருக்கிறது. உண்மையா? (வாசகி, கோவை)

பதில்: தீர்ப்பில் அந்த எண் இருப்பது உண்மை. ஆனால் அந்த எண்ணுக்கு அடியில் ஆய்வு எதுவும் இல்லை.

1986-ல் அமெரிக்காவில் பொது வாசகர்களுக்கான ஓர் உளவியல் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆரிகன் மாநிலச் சிறை ஒன்றில் பாலியல் குற்றவாளிகளுக்கான சிகிச்சைத் திட்டத்தை நடத்திவந்த ஒருவரும் அதை எழுதியவர்களில் ஒருவர். சிகிச்சை பெறாமல் வெளியேறுகிறவர்களில் எண்பது சதவீதம் வரை மீண்டும் குற்றம் செய்கிறார்கள் என்று அதில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. யாரை, எத்தனை ஆண்டுகள் பின்தொடர்ந்து எண்ணினார்கள் என்ற விவரம் ஏதும் அதில் இல்லை. 1988-ல் அமெரிக்க அரசின் சிறைத்துறைப் பயிற்சி அமைப்பு சிகிச்சையாளர்களுக்காக வெளியிட்ட கையேட்டில் அந்த வரி இடம்பெற்றது. 2002-ல் கான்சஸ் மாநிலக் கைதி ஒருவரின் வழக்கில் நீதிபதி அந்தோனி கென்னடி அந்தக் கையேட்டை ஆதாரமாகக் காட்டி, சிகிச்சை பெறாதவர்களிடம் மறுகுற்ற விகிதம் எண்பது சதவீதம் வரை இருக்கலாமென மதிப்பிடப்பட்டிருக்கிறது என்றும், இந்த ஆபத்து அச்சமூட்டும் அளவுக்கு உயர்ந்தது என்றும் எழுதினார். 2003 மார்ச்சில் அலாஸ்கா மாநிலத்தின் குற்றவாளிகள் பதிவேட்டை எதிர்த்து நடந்த வழக்கிலும் 'அச்சமூட்டும் அளவுக்கு உயர்ந்தது' என்ற அதே சொற்றொடர் வந்தது. பிறகு கீழ் நீதிமன்றங்கள் பல, மூலத்தைத் தேடிப் பார்க்காமலே அதை எடுத்தாண்டன. இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிச் சென்று 2015-ல் ஒரு சட்டக் கட்டுரை அம்பலப்படுத்தியது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் எண்பது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

உண்மையில் எண்ணிப் பார்த்தவர்களின் கணக்கு வேறு. அதே 2003-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு ஓர் அறிக்கை வெளியிட்டது. 1994-ல் 15 மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 9,691 ஆண் பாலியல் குற்றவாளிகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, புதிய பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்கள் 517 பேர், அதாவது 5.3 சதவீதம். அதே ஆண்டில் திருட்டு, போதைப்பொருள், அடிதடி போன்ற பிற குற்றங்களுக்காகச் சிறையிலிருந்து வெளியே வந்த 2,62,420 பேரில் 1.3 சதவீதத்தினர், அதாவது 3,328 பேர், பாலியல் குற்றத்துக்காகக் கைதானார்கள்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாலியல் குற்றத்துக்காகச் சிறை சென்றவர் மீண்டும் அதே குற்றத்துக்குக் கைதாகும் வாய்ப்பு மற்றக் கைதிகளைவிட நான்கு மடங்கு அதிகம். ஆகவே பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் பாலியல் குற்றத்துக்குக் கைதான முன்னாள் கைதிகள் 3,845 பேரில் ஏறத்தாழ 87 சதவீதத்தினர் முன்பு வேறு குற்றத்துக்காகச் சிறை சென்றவர்கள். சிறையையே பார்க்காதவர்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

கேள்வி: ஓரிடத்தில் 5 சதவீதம், இன்னோரிடத்தில் 14, வேறோரிடத்தில் 24 என்று படிக்கிறேன். புள்ளிவிவரம் என்ற பெயரில் ஆளுக்கொரு எண்ணைச் சொல்கிறார்களா? (பள்ளி ஆசிரியர், திருச்சி)

பதில்: நீங்கள் குறிப்பிடும் எண்கள் எல்லாமே சரியானவையாக இருக்கக்கூடும். எவ்வளவு காலம் பின்தொடர்ந்தார்கள், எதை 'மீண்டும் குற்றம்' என்று கொண்டார்கள், யாரைப் பின்தொடர்ந்தார்கள் என்பவை மாறும்போது எண்ணும் மாறும்.

காலத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மூன்று ஆண்டில் 5.3 சதவீதம் என்று சொன்ன அதே புள்ளியியல் பிரிவு, 2005-ல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019-ல் வெளியிட்ட அறிக்கையில் 7.7 சதவீதம் என்றது. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்து 4,724 பேரை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்ட கணக்கில், ஐந்து ஆண்டில் 14 சதவீதம், பத்து ஆண்டில் 20, பதினைந்து ஆண்டில் 24 என்று வந்தது. முதல் ஐந்து ஆண்டில் 14 ஏறிய எண் கடைசி ஐந்து ஆண்டில் 4 மட்டுமே ஏறியிருப்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்தது, எதை எண்ணுகிறார்கள் என்பது. கைதை எண்ணினால் ஓர் எண் வரும், தண்டனையை எண்ணினால் அதைவிடக் குறைவாக வரும். 1994-ல் விடுதலையான அந்த 9,691 பேரில் கைதானவர்கள் 5.3 சதவீதம் என்றால், மீண்டும் பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்கள் 3.5 சதவீதம். எந்தக் குற்றத்துக்கான கைதானாலும் சரி என்று எண்ணினால் அது 43 சதவீதமாகத் தாவிவிடும். பரபரப்பான தலைப்பு தேடுபவர் 43-ஐ எடுத்து, அது எந்தக் குற்றத்துக்கு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டால் போதும். (பாலியல் அல்லாத குற்றங்களுக்காகச் சிறை சென்றவர்களிடம் இதே கணக்கு 68 சதவீதம். அதை யாரும் மேற்கோள் காட்டி நான் பார்த்ததில்லை.)

இதற்கெல்லாம் மேலாக ஒரு பெரிய ஐயம் இருக்கிறது. அதை நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவதே முறை. பாலியல் குற்றங்களில் பெரும்பகுதி காவல் நிலையத்தை எட்டுவதே இல்லை. அமெரிக்காவில் வீடு வீடாக நடத்தப்படும் கணக்கெடுப்பின்படி 2022-ல் நடந்த பாலியல் வன்கொடுமைகளில் காவல்துறைக்குத் தெரிவிக்கப்பட்டவை ஐந்தில் ஒன்று அளவே. ஆகவே மேலே சொன்ன எண்கள் எல்லாம் வெளியே தெரிந்தவற்றின் கணக்கு. உண்மையான அளவு இதற்கு மேலேதான் இருக்கும்.

எவ்வளவு மேலே? ஐந்தில் ஒன்றுதான் தெரியவருகிறது என்றால் ஐந்தால் பெருக்கிவிடலாமே என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறான கணக்கு. புகாருக்கு வராமல் போவது தனித்தனிக் குற்றச் சம்பவம். நாம் எண்ணுவது ஆட்களை. ஒருவர் பல முறை குற்றம் செய்தால் அவற்றில் ஏதோ ஒன்றிலாவது பிடிபடும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும், அதிலும் காவல்துறையின் பார்வையில் ஏற்கெனவே இருப்பவருக்கு அது இன்னும் அதிகம். அதோடு, மறைந்துபோகும் குற்றங்கள் முன்னாள் கைதிகளுடையவை மட்டும் அல்ல. ஒரு முறைகூடப் பிடிபடாதவர்களின் குற்றங்களும் அந்த இருட்டில்தான் இருக்கின்றன. புகார் வராத குற்றங்கள் இவ்வளவு என்று சொல்லி, பழி முழுவதையும் சிறையிலிருந்து வந்தவர்கள் தலையில் வைப்பது பொருந்தாது.

கேள்வி: எல்லாப் பாலியல் குற்றவாளிகளையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? யாரிடம் ஆபத்து அதிகம் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? (குடும்பத்தலைவி, சேலம்)

பதில்: ஒரே தராசில் நிறுத்த முடியாது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. மேலே சொன்ன 4,724 பேர் ஆய்வில், குடும்பத்துக்கு வெளியே உள்ள சிறுவர்களிடம் அத்துமீறியவர்களின் மறுகுற்ற விகிதம் பதினைந்து ஆண்டில் 35 சதவீதம்; சொந்தக் குடும்பத்துக் குழந்தைகளிடம் அத்துமீறியவர்களிடம் 13 சதவீதம். முதல் முறை தண்டனை பெற்றவர்களிடம் 19, அதற்கு முன்பே ஒரு பாலியல் குற்றத் தண்டனை இருந்தவர்களிடம் 37. ஐம்பது வயதைத் தாண்டி விடுதலையானவர்களிடம் 12.

குடும்பத்துக்குள் நடந்த குற்றத்தின் எண் குறைவு என்பதைப் படித்துவிட்டு யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். வழக்கு நடந்த பிறகு குழந்தையிடமிருந்து அந்த ஆள் பிரிக்கப்பட்டிருப்பதும், ஒரு முறை புகார் கொடுத்து உறவினர்களின் ஏச்சுக்கு ஆளான குடும்பம் இரண்டாம் முறை வாய் திறக்கத் தயங்குவதும் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கக்கூடும்.

முன்கூட்டிச் சொல்வதற்குக் கனடாவிலும் பிரிட்டனிலும் உருவாகி இன்று பல நாடுகளில் பயன்படும் ஒரு கருவி உண்டு. 'ஸ்டாட்டிக்-99' என்று பெயர். கருவி என்றதும் பெரிய இயந்திரத்தை எண்ண வேண்டாம், பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் அது. விடுதலையின்போது வயது என்ன, முன்பு எத்தனை பாலியல் வழக்குகள், வேறு வன்முறை வழக்குகள் உண்டா, ஒரு துணையோடு இரண்டு ஆண்டாவது சேர்ந்து வாழ்ந்திருக்கிறாரா, பாதிக்கப்பட்டவர் உறவினரா, வெளியாளா, முன்பின் அறியாதவரா, ஆணா என்பன போன்ற கேள்விகள். 'மனம் வருந்துகிறாரா' என்ற கேள்வி அதில் கிடையாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வருத்தம் தெரிவிப்பதற்கும் பிற்காலத்தில் குற்றம் செய்யாமல் இருப்பதற்கும் இடையே தொடர்பு மிகக் குறைவு என்று ஆய்வுகளில் தெரிந்ததே காரணம். சிறை அதிகாரியின் முன் கண்ணீர் விடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர்.

தாளில் வரும் மதிப்பெண் ஒரு குழுவைப் பற்றிச் சொல்லும். அதே மதிப்பெண் பெற்ற நூறு பேரில் இத்தனை பேர் மீண்டும் குற்றம் செய்தார்கள் என்று சொல்லும்; அந்த நூறு பேரில் உங்கள் முன் நிற்பவர் எந்தப் பக்கம் என்று சொல்லாது. மதிப்பெண் காலத்தோடு தேயவும் செய்கிறது. 7,740 பேரை வைத்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், அதிக ஆபத்து என்று வகைப்படுத்தப்பட்டவர்களின் மறுகுற்ற விகிதம் விடுதலை நாளில் 22 சதவீதம். பத்து ஆண்டுகள் சமூகத்தில் குற்றமின்றி வாழ்ந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்குப் பிந்தைய காலத்தைப் பார்த்தால் 4.2 சதவீதம்.

கேள்வி: அமெரிக்கா, கனடா எல்லாம் சரி. இந்தியாவின் கணக்கு என்ன? (சட்டக் கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: அப்படி ஒரு கணக்கை இந்தியா வெளியிடுவதில்லை. இன்ன ஆண்டில் பாலியல் குற்றத் தண்டனை முடிந்து வெளியே வந்தவர்கள் இத்தனை பேர், அவர்களில் மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் மீண்டும் கைதானவர்கள் இத்தனை பேர் என்ற தொடர் கணக்கு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டு அறிக்கைகளில் இல்லை. சிறைப் புள்ளிவிவரத்தில் முன்பே தண்டனை பெற்றவர்களின் எண்ணிக்கை என்று ஒன்று வரும். அது சிறைக்குள் இருப்பவர்களைப் பின்னோக்கிப் பார்ப்பது. திரும்பி வராதவர்கள் அதில் தெரியவே மாட்டார்கள். மருத்துவமனைக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஊரில் எத்தனை பேர் குணமானார்கள் என்று சொல்ல முயல்வதைப் போன்றது அது.

2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. தொடக்கத்திலேயே நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் இருந்தன; காவல்துறையினர் மட்டுமே பார்க்க முடியும். பெயர்களை நீக்கிவிட்டு எண்களை மட்டும் ஆய்வாளர்களுக்குக் கொடுத்தால் உங்கள் கேள்விக்கு ஓரிரு ஆண்டுகளில் விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

கணக்கு இல்லாவிட்டாலும் சட்டம் இருக்கிறது. 2013-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 71-ஆம் பிரிவாக இருக்கும் விதியின்படி, வன்புணர்வுக்காக ஒரு முறை தண்டனை பெற்றவர் இரண்டாம் முறையும் தண்டனை பெற்றால் எஞ்சிய ஆயுள் முழுவதும் சிறை, அல்லது மரண தண்டனை. இதை முதன்முதலில் பயன்படுத்தியது மும்பை சக்தி மில் வழக்கில். 2014 ஏப்ரலில் அமர்வு நீதிமன்றம் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2021 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. இந்த வழக்கில் உங்களைப் போன்ற சட்ட மாணவர்கள் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த மூவரும் தண்டனை அனுபவித்து வெளியே வந்து மீண்டும் குற்றம் செய்தவர்கள் அல்லர். 2013 ஜூலையில் ஒரு பெண்ணுக்கும் ஆகஸ்டில் இன்னொரு பெண்ணுக்கும் இழைத்த கொடுமைகளுக்கு ஒரே நீதிமன்றத்தில் அடுத்தடுத்துத் தீர்ப்பு வந்ததால் இந்தப் பிரிவு பாய்ந்தது. ஜூலையில் பாதிக்கப்பட்டவர் ஆகஸ்டுக்குப் பிறகே புகார் கொடுக்க முன்வந்தார். முதல் குற்றத்திலேயே பிடிபட்டிருந்தால் இரண்டாவது நடந்திருக்காது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் சொல்வது இன்னொன்று: பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர். அக்கம்பக்கத்தார், நண்பர், உறவினர், திருமணம் செய்துகொள்வதாகச் சொன்னவர், வேலை கொடுத்தவர்.

கேள்வி: அமெரிக்காவில் குற்றவாளியின் படம், வீட்டு முகவரி எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. நான் வாழும் கனடாவில் அது கிடையாது. தமிழ்நாட்டிலும் வேண்டும் என்று குரல் கேட்கிறது. அதனால் பலன் உண்டா? (வாசகர், ஸ்கார்பரோ)

பதில்: காவல்துறையிடம் பதிவு செய்வதும் ஊருக்கே அறிவிப்பதும் தனித்தனி. அமெரிக்கா 1994-ல் முதலாவதைச் சட்டமாக்கியது. நியூ ஜெர்சியில் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட பிறகு 1996-ல் இரண்டாவதையும் நாடு முழுவதற்குமாகச் சேர்த்தது. அந்தச் சிறுமியைக் கொன்றவர் எதிர் வீட்டில் வசித்த, முன்பே தண்டனை பெற்ற ஆள். பெற்றோருக்கு அது தெரிந்திருந்தால் என்ற ஏக்கத்திலிருந்து பிறந்த சட்டம் அது. அந்த ஏக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் பலனைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது ஏமாற்றம். அதே நியூ ஜெர்சியில் சட்டத்துக்கு முன்னும் பின்னும் விடுதலையானவர்களை ஒப்பிட்டு 2008-ல் வந்த ஆய்வில், மறுகுற்ற விகிதத்தில் சட்டத்தால் நேர்ந்த மாற்றம் எதுவும் தெரியவில்லை. பல மாநிலத் தரவுகளை வைத்து 2011-ல் வந்த இன்னோர் ஆய்வு, காவல்துறையிடம் மட்டும் இருக்கும் பதிவேடு ஓரளவு குற்றத்தைக் குறைப்பதாகவும், பொது அறிவிப்போ பதிவேட்டில் உள்ளவர்களின் மறுகுற்றத்தைக் கூட்டக்கூடும் எனவும் காட்டியது. வெளியே வாழ்க்கையே இல்லை என்று ஆகிவிட்டவருக்குச் சிறைக்குத் திரும்புவது பெரிய இழப்பாகத் தோன்றாது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

மயாமி நகரில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். பள்ளியிலிருந்து 2,500 அடிக்குள் பாலியல் குற்றத் தண்டனை பெற்றவர்கள் குடியிருக்கக் கூடாது என்று அந்த வட்டாரம் விதி போட்டது. வரைபடத்தில் வட்டங்கள் வரைந்து பார்த்தபோது, ஏழை ஒருவர் வாடகை கொடுக்கக்கூடிய இடம் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. கடைசியில் கடல்மேல் செல்லும் ஜூலியா டட்டில் பாலத்தின் அடியில் கூடாரங்களும் பலகைக் குடிசைகளும் முளைத்தன. ஒரு கட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே வசித்தார்கள். நன்னடத்தை அலுவலர்களே இரவில் அங்கு வந்து தலை எண்ணினார்கள். ஓட்டுநர் உரிமத்தில் அந்தப் பாலமே முகவரியாக அச்சானதும் உண்டு. 2010-ல் அந்தக் குடியிருப்பு காலி செய்யப்பட்டது. விடுதலைக்குப் பிந்தைய முதல் ஆண்டே மிக ஆபத்தானது என்பதை அமெரிக்க அரசின் எண்ணிக்கையே சொல்கிறது: 1994-ல் விடுதலையானவர்களின் புதிய பாலியல் குற்றங்களில் 40 சதவீதம் முதல் பன்னிரண்டு மாதங்களில் நடந்தவை. அந்த மாதங்களில் ஒருவரைப் பாலத்துக்கு அடியில் தள்ளிவைத்துவிட்டு ஊர் பாதுகாப்பாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

உங்கள் நாட்டில் 2004 முதல் தேசியப் பதிவேடு உண்டு. அது காவல்துறைக்கு மட்டும். அங்கேயே இன்னொரு வழியும் பிறந்தது. 1994-ல் ஒன்டாரியோவின் ஹாமில்டன் நகரில், விடுதலையான ஒருவரை ஊரே விரட்டியபோது, மெனனைட் கிறிஸ்தவச் சபையின் போதகர் ஒருவர் சபையினர் சிலரைச் சேர்த்து அவரைச் சுற்றி ஒரு சிறு குழுவை அமைத்தார். வேலை தேட உதவுவதும், எங்கே போகிறார், யாரோடு பழகுகிறார் என்று முகத்துக்கு நேரே கேட்பதும் அவர்கள் பணி. இரக்கமும் கண்காணிப்பும் சேர்ந்த அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. மினசோட்டாவில் நூறு பேர் அளவில் நடந்த சோதனையில், இத்தகைய குழு கிடைத்தவர்கள் பாலியல் குற்றத்துக்காக மீண்டும் கைதாகும் வாய்ப்பு 88 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறிய ஆய்வு அது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்ல வேண்டும். குற்றவாளி அப்பாவாகவோ சித்தப்பாவாகவோ இருந்தால், அவர் பெயரையும் தெருவையும் வெளியிடுவது அந்தக் குழந்தையை ஊருக்குக் காட்டிக்கொடுப்பதாகும். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்ஸோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்கிறது.

கேள்வி: ஆண்மை நீக்கம் செய்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லையே? (வாசகர், ஈரோடு)

பதில்: இந்தக் கடிதம் எல்லா மாதமும் வரும், பெயர்தான் மாறும். கோபம் நியாயமானதே. 2013 ஜனவரியில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா ரசாயன முறையிலான ஆண்மை நீக்கத்துக்குச் சட்டம் வேண்டும் என்றார். 2015-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன், குழந்தைகளைச் சீரழிப்பவர்களுக்கு இந்தத் தண்டனையைப் பரிசீலிக்குமாறு மத்திய அரசுக்குச் சொன்னார். ஆனால் 2013-ல் அறிக்கை அளித்த நீதிபதி வர்மா குழு, பாலியல் வன்முறையின் சமூக வேர்களை இது தொடாது என்றும் மனித உரிமைக்கு எதிரானது என்றும் சொல்லி நிராகரித்தது.

ரசாயன முறை என்பது ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசி. கலிபோர்னியா 1996-லேயே சட்டமாக்கியது. தென் கொரியாவிலும் உண்டு. ஊசி தொடரும் வரை இச்சை குறையும், நிறுத்தினால் திரும்பிவிடும். தன்னால் கட்டுப்படுத்த முடியாத இச்சையால் தவிக்கிற, தானே சிகிச்சை கேட்கிற சிலருக்கு மருத்துவர் மேற்பார்வையில் அது உதவக்கூடும். ஆதிக்கத்துக்காகவும் பழிவாங்கவும் குடிவெறியிலும் நடக்கும் குற்றங்களுக்கு ஹார்மோன் ஊசியில் மருந்து இல்லை.

பேச்சுவழிச் சிகிச்சையும் எல்லா வகையிலும் நல்லதே என்று எண்ணிவிட முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் 1990-களின் தொடக்கத்திலிருந்து பாலியல் குற்றவாளிகளுக்கென்று ஒரு குழுச் சிகிச்சைத் திட்டம் நடந்தது. உலகமே அதை முன்மாதிரியாகப் பார்த்தது. அதில் பங்கேற்ற 2,562 பேரைப் பங்கேற்காத 13,219 பேரோடு ஒப்பிட்ட அரசு ஆய்வு 2017-ல் வெளியானது. சராசரியாக எட்டு ஆண்டுகளில் மீண்டும் பாலியல் குற்றம் செய்தவர்கள் சிகிச்சை பெற்றவர்களில் 10 சதவீதம், பெறாதவர்களில் 8 சதவீதம். ஒருவர் குற்றத்தை இன்னொருவர் கேட்டுக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தது, அந்த நடத்தை இயல்பானது என்ற எண்ணத்தை வளர்த்திருக்கலாம் என்று அறிக்கை கருதியது. திட்டம் நிறுத்தப்பட்டது. கால் நூற்றாண்டு நடந்த திட்டத்தை எண்ணிப் பார்த்து, தோல்வியை வெளியிட்டு, மாற்றிக்கொண்ட அரசைப் பாராட்டத்தான் வேண்டும். எண்ணாமல் விட்டிருந்தால் இன்றும் பெருமையோடு நடந்துகொண்டிருக்கும்.

கேள்வி: பதினாறு, பதினேழு வயதில் இக்குற்றம் செய்தவன் வாழ்நாள் முழுவதும் ஆபத்தானவன்தானே? (வாசகி, புதுச்சேரி)

பதில்: எண்கள் அப்படிச் சொல்லவில்லை. முப்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இளையோரைப் பற்றிய 106 தரவுத் தொகுப்புகளைத் திரட்டி 2016-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் அவர்களின் மறுகுற்ற விகிதம் 4.9 சதவீதம், 2000-க்குப் பிந்தைய ஆய்வுகளை மட்டும் எடுத்தால் 2.75. தில்லி பேருந்துக் கொடுமையில் தண்டனை பெற்ற சிறுவர் 2015 டிசம்பரில் விடுதலையான நேரத்தில் எழுந்த கொந்தளிப்பில்தான், கொடுங்குற்றங்களில் 16 முதல் 18 வயதுடையோரைப் பெரியவர்களைப் போல விசாரிக்க வழிசெய்யும் சட்டம் மாநிலங்களவையில் நிறைவேறியது. அந்தக் குற்றத்தின் கொடூரம் வேறு, அந்த வயதினர் அனைவருக்குமான ஆபத்துக் கணக்கு வேறு.

கேள்வி: போக்ஸோ வழக்கில் தண்டனை முடிந்து ஒருவர் எங்கள் தெருவுக்கே திரும்பிவிட்டார். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஊரார் அவரை விரட்டிவிடலாம் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது? (பெயர் வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: விரட்டிவிட்டால் அவர் வேறொரு தெருவில், அவரைப் பற்றி எதுவும் அறியாதவர்கள் நடுவில் குடியேறுவார். உங்கள் தெருவிலாவது எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குக் கல்லெறிவதும் படத்தைப் பகிர்வதும் உங்கள் மீதே வழக்காகத் திரும்பலாம்.

குழந்தைகளை அவரோடு தனியே விடாதீர்கள். அவர் வீட்டில் விசேஷம், டியூஷன், டி.வி. எதுவானாலும் சரி. அவரைப் பற்றிக் குழந்தைகளைப் பயமுறுத்துவதைவிட, யார் தொட்டாலும், எந்த மாமா ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொன்னாலும் உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று பழக்குவது பயன் தரும். அது இவருக்கும் பொருந்தும், உங்கள் வீட்டுக்கு வாரந்தோறும் வந்துபோகும் உறவினருக்கும் பொருந்தும். அவர் பள்ளி வாசலில் நிற்பது, மிட்டாய் கொடுப்பது, குழந்தைகளைப் படமெடுப்பது போன்றவற்றைக் கண்டால் நாள், நேரம் குறித்துக்கொண்டு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். குற்றம் நடக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தாலே தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்ஸோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. நடந்துமுடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அவர் உண்மையில் தண்டனை முடித்து வந்தாரா, பரோலிலோ மேல்முறையீட்டு ஜாமீனிலோ வந்திருக்கிறாரா என்பதையும் நிலையத்தில் கேட்டறியுங்கள். பரோலோ ஜாமீனோ என்றால் நிபந்தனைகள் இருக்கும். பாதிக்கப்பட்ட குழந்தையின் வீட்டருகே அவர் நடமாடினாலோ, கையெழுத்திட வேண்டிய நாளில் வராமல் போனாலோ அதை நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுபோய் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம். அந்தக் குடும்பத்துக்கு அவர் வந்திருப்பது தெரியுமா என்று முதலில் விசாரியுங்கள்.